சொந்த ஷாம்புவோடு பார்லருக்குப் போகலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாகத் தலையில் பொடுகும் அரிப்பும். தோல் மருத்துவர் கீட்டோகொனசோல் ஷாம்பு எழுதிக்கொடுத்திருக்கிறார். வாசனை அதிகமுள்ள எதைப் போட்டாலும் எனக்குப் பிடரி சிவந்துவிடும். போன மாதம் தர்மபுரியில் ஒரு பார்லருக்கு முடி வெட்டப் போனபோது என் ஷாம்புவையும் கண்டிஷனரையும் பையில் எடுத்துப் போனேன். எடுத்துக் கொடுத்ததுமே அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "வெளியில இருந்து கொண்டுவந்தா நாங்க பொறுப்பில்லீங்க" என்றார். ஷாம்புவைப் போட்ட உடனே அலசிவிட்டார். பில் மட்டும் வழக்கம்போல 450 ரூபாய். துணியை நாம் எடுத்துக்கொடுத்தால் டெய்லர் தையல் கூலி மட்டும்தானே வாங்குகிறார், இங்கே ஏன் முழுத் தொகை? நான் செய்தது தப்பா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். என் நரைக்கு டை, அவளுக்கு ஸ்ட்ரெய்ட்னிங் கிரீம் இரண்டையும் ஆன்லைனில் வாங்கி, பார்லரில் கொடுத்துப் போடச் சொல்லலாம் என்று இருக்கிறோம். செலவு பாதியாகக் குறையும். சரியாக வருமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷாம்புவை எந்த பார்லருக்கும் தாராளமாக எடுத்துப் போகலாம். எடுத்துத்தான் போக வேண்டும். உங்கள் தலைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு, எப்போதோ ஒருமுறை அந்தத் தலையைப் பார்க்கிற என்னைப் போன்ற பார்லர்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் ஷாம்புவுக்குச் சொல்கிற பதிலை டைக்கும் ஸ்ட்ரெய்ட்னிங் கிரீமுக்கும் என்னால் சொல்ல முடியாது. போட்டு அலசினால் போய்விடுகிற பொருள் வேறு, முடியின் நிறத்தையோ அமைப்பையோ மாற்றிவிட்டுப் போகிற பொருள் வேறு. முதல் வகையைக் கொண்டுவாருங்கள். இரண்டாவது வகையில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவர வேண்டாம். கல்யாண வீடு என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 450 ரூபாயைவிட என்னை உறுத்தியது "போட்ட உடனே அலசிவிட்டார்" என்ற வரிதான். கீட்டோகொனசோல், பொடுகோடு சேர்ந்து வருகிற பூஞ்சையை அடக்கும் மருந்து. தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடமாவது இருந்தால்தான் அது வேலை செய்யும். நுரைத்ததும் அலசினால் மருந்து நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பார்லரில் வேலை செய்கிற பெண்களுக்கு சாதாரண ஷாம்புவில் பழகிய கை, அந்த வேகத்திலேயேதான் போகும். அதனால் பேசினில் தலையைச் சாய்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "இது மருந்து ஷாம்புங்க, தோலில் படுற மாதிரி தேய்ச்சு அஞ்சு நிமிஷம் விட்டு அலசணும்." கண்டிஷனர் முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போதும், தலைத்தோலில் பட வேண்டாம்.

பிடரி சிவப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சொந்த ஷாம்பு கொண்டுவருகிற பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். வெட்டும்போது முடியை நனைக்க நாங்கள் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் பல இடங்களில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்காது, கொஞ்சம் கண்டிஷனரும் கலந்திருப்பார்கள். காயவைத்த பிறகு பழக்க தோஷத்தில் இரண்டு சொட்டு சீரம் உள்ளங்கையில் தேய்த்துத் தடவிவிடுவார்கள். டவலைத் துவைக்கிற லிக்விடிலும் வாசனை. பிடரியில் படுவது பெரும்பாலும் இவைதான். "ஸ்பிரேயில் சும்மா தண்ணி மட்டும் போதும், கடைசியில் சீரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பழைய காட்டன் துண்டும் எடுத்துப் போங்கள். சீப்பையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சீப்பு, சொந்தத் துண்டு கொண்டுவருகிறவர்களைப் பார்த்து எந்த பார்லர்காரரும் முகம் சுளிக்கக் கூடாது. பேன் தொற்றும் படைத் தொற்றும் சீப்பு வழியாகவும் துண்டு வழியாகவும் பரவக்கூடியவை.

சரி, அந்தப் பெண்ணின் முகம் ஏன் மாறியது? அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் வேலைக்கு இருக்கிற பெண்களுக்குச் சம்பளம் குறைவு. சில இடங்களில் ஹேர் ஸ்பா, சீரம் என்று விற்றால்தான் கமிஷன். வாடிக்கையாளர் பையிலிருந்து பாட்டிலை எடுத்ததும் "நம்ம பொருள் மேல இவங்களுக்கு நம்பிக்கையில்லை" என்று தோன்றிவிடும். இன்னொரு பக்கம் பயம். ஏதாவது ஆகிவிட்டால் முதலாளி கேட்பார், வீட்டுக்காரர் வந்து சத்தம் போடுவார். "பொறுப்பில்லீங்க" என்பது அந்தப் பயத்தில் வருகிற பேச்சு. அதற்காக அந்தப் பேச்சு சரியென்று ஆகிவிடாது. ஷாம்பு உங்களுடையதாக இருந்தாலும் அதை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுப் போடுவது அவருடைய வேலை. மருந்து ஷாம்புவை வாங்கவே மாட்டோம் என்று ஒரு பார்லர் சொன்னால், அங்கே மறுபடி போகாதீர்கள்.

பாதிச் சங்கடம் போனிலேயே தீர்ந்துவிடும். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே சொல்லுங்கள்: "அக்கா, சனிக்கிழமை முடி வெட்ட வர்றேங்க. ஸ்கின் டாக்டர் ஒரு ஷாம்பு கொடுத்திருக்காங்க, அதையே போட்டுவிட முடியுங்களா? மொத்தம் எவ்வளவு ஆகும்?" இவ்வளவுதான். டாக்டர் என்ற சொல் வந்தாலே எங்கள் பக்கத்து மனத்தாங்கல் பாதி இறங்கிவிடும். தொகையும் அப்போதே பேசி முடிந்துவிடும். வேலையெல்லாம் முடிந்து, அடுத்த ஆள் நாற்காலிக்குக் காத்திருக்கும்போது கல்லா முன்னால் நின்று குறைக்கச் சொல்வது இரண்டு பேருக்குமே கஷ்டம்.

இப்போது அந்த 450-க்கு வருகிறேன். பார்லரில் நாங்கள் வாங்குவது லிட்டர் பாட்டில். ஒரு தலைக்கு 10 முதல் 15 மில்லி ஷாம்பு ஆகும். லிட்டர் 800 ரூபாய் என்று வைத்தாலும் 15 மில்லிக்கு 12 ரூபாய்தான். கண்டிஷனரையும் சேர்த்தால் 25 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் கத்தரி பிடிக்கிற கைக்கும், கடை வாடகைக்கும், கீசர் கரண்டுக்கும், கோடையில் லாரித் தண்ணீருக்கும் போகிறது. உங்கள் டெய்லர் கணக்கிலேயே சொன்னால், ஷாம்பு துணி மாதிரி இல்லை, நூல் மாதிரி. நூலை நாமே வாங்கிக்கொடுத்தாலும் கூலியில் பெரிதாக ஒன்றும் குறையாது. அதனால் வெட்டுவதற்கும் ஹேர் வாஷுக்கும் முழுத்தொகை வாங்கியதில் நியாயம் இருக்கிறது. உரிமையோடு கேட்டால் 20, 30 ரூபாய் குறைப்பார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கலரிங்கில்தான் கணக்கு மாறும். அங்கே பொருளின் விலையே பில்லில் பெரிய பங்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர் பக்கத்துச் சின்ன பார்லர்களில் மருதாணியோ டையோ நீங்களே வாங்கிக்கொண்டு போனால், தடவிவிடுவதற்கு மட்டும் ஒரு தொகை என்று வாங்குகிற வழக்கம் இருக்கிறது. நீங்கள் பாதிச் செலவு என்று போட்ட கணக்கும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

டைக்குப் போவதற்கு முன் நம் ஊர் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்த ஷாம்பு கொண்டுவருகிறவர்கள் "வீட்டில் நல்லா நுரைக்குது, இங்கே நுரைக்கவே இல்லை" என்று அடிக்கடி சொல்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தபிறகு குடிக்கிற தண்ணீர் பல ஊர்களில் மாறியது. ஆனால் தலைக்கு ஊற்றுவது பல பார்லர்களில் இன்னும் போர் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடித் தண்ணீர் என்றாலே எல்லாரும் ஃபுளோரைடைத்தான் சொல்வார்கள்; அது பல்லில் கறையும் எலும்பில் பாதிப்பும் கொடுக்கிற விஷயம். முடியைச் சொரசொரப்பாக்குவதும் நுரையைக் கெடுப்பதும் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். நுரையைக் கூட்டுகிற சல்ஃபேட் இல்லாத மிதமான ஷாம்பு இந்தத் தண்ணீரில் இன்னும் குறைவாக நுரைக்கும். நுரை வரவில்லையே என்று அந்தப் பெண் கால் பாட்டிலைக் கவிழ்த்துவிடுவார். உங்கள் ஷாம்புவும் வீண், தலையிலும் பிசுபிசுப்பு தங்கும். ஒரு மக்கில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஷாம்புவை அதில் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், பரவலாகச் சேரும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பாட்டில் ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்து ஊற்றினால், காய்ந்தபிறகு முடியைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். மருந்து ஷாம்புவை மட்டும் இப்படிக் கரைக்க வேண்டாம், அதை நேராகத் தோலில்தான் தேய்க்க வேண்டும்.

சீயக்காய், அரப்பு கொண்டுவரலாமா என்றும் நம் பக்கத்தில் கேட்பார்கள். எனக்கு அரப்பு மிகவும் பிடிக்கும். எண்ணெய்த் தலைக்கு அதுபோலக் குளிர்ச்சியாக வேறொன்று கிடையாது. ஆனால் தூளாகக் கொண்டுவந்து பேசினில் போட்டால் பச்சை மண்டியாகக் குழாய் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு முழுக்க அந்த பேசின் வேலைக்கு ஆகாது. முதல் நாள் இரவே ஊறவைத்து, மெல்லிய வெள்ளைத்துணியில் பிழிந்து வடிகட்டி, தெளிவை மட்டும் பாட்டிலில் கொண்டுவாருங்கள். செம்பருத்தி, வெந்தயம் அரைத்த விழுதுக்கும் இதேதான். வீட்டில் காய்ச்சிய எண்ணெய் தாராளமாக வரலாம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள். மசாஜுக்குக் கொண்டுவாருங்கள். முடி வெட்டுகிற அன்று மட்டும் எண்ணெய்த் தலையோடு வராதீர்கள், கத்தரி வழுக்கும்.

எதைக் கொண்டுவந்தாலும் அதன் சொந்த பாட்டிலிலேயே கொண்டுவாருங்கள். பஸ்ஸில் கொட்டிவிடும் என்று பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி எடுத்து வருகிறார்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொட எங்களுக்குப் பயமாக இருக்கும். மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் போதும். லேபிளில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தயாரிப்பு உரிம எண், உள்ளே கலந்திருக்கும் பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் கேட்பது இதைத்தான். நீங்கள் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் கிரீமின் படத்தைப் பெரிதாக்கி, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இதையே எங்களிடமும் கேட்கலாம். பெரிய கேனில் மலிவாக வாங்கி, நல்ல பெயருள்ள பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். "எதிலிருந்து ஊத்துறீங்க, அந்த பாட்டிலைக் காட்டுங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காட்டத் தயங்குகிற இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் டை. கடையில் விற்கிற நிரந்தர டைகளில் பெரும்பாலானவற்றில் பிபிடி என்கிற பாராஃபினிலீன்டையமீன் இருக்கிறது. கருப்பு நிறம் நன்றாகப் பிடிக்க அதுதான் காரணம். ஒவ்வாமை வந்தால் அதற்கும் பெரும்பாலும் அதுவேதான் காரணம். பத்து வருடம் போட்டு ஒன்றும் ஆகாதவருக்குப் பதினொன்றாம் வருடம் கண் இமை வீங்கி, நெற்றியெல்லாம் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே வாசனைப் பொருளே ஒத்துக்கொள்ளவில்லை, தலையிலும் அரிப்பு. அதனால் டை உங்களுடையதோ பார்லருடையதோ, அரிப்பு அடங்கி, தோல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டபிறகுதான். அவர் சரி என்றால், போடப்போகிற அதே டையில் ஒரு துளியை முழங்கையின் உள்பக்கம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அட்டையில் எப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறதோ அப்படியே. சிவப்பு, அரிப்பு, தடிப்பு எது வந்தாலும் அந்த டையை விட்டுவிடுங்கள். பிபிடி உள்ள டைகளின் அட்டையில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லியும், புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வை போகலாம் என்றும் எச்சரிக்கை இருக்கும். டை போட்டபிறகு முகம் வீங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ பார்லருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, நரை தெரிகிற வேர்ப்பகுதிக்கு மட்டும், நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பழகிய அதே டையைக் கொண்டுவந்தால் நான் வாங்கிக்கொள்வேன். சீல் உடைக்காத பெட்டி, உள்ளே கிரீமும் டெவலப்பரும் குறிப்புத்தாளும் சேர்ந்து இருக்க வேண்டும். போன முறை போட்டு மீந்த பாதி ட்யூபை வாங்க மாட்டேன். ஒரு கம்பெனி கிரீமுக்கு இன்னொரு கம்பெனி டெவலப்பர் என்று கலக்கவும் மாட்டேன். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் வீரியத்தை வால்யூம் என்று சொல்வோம். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 40 என்றால் 12. சில கிரீமுக்கு ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்றரை, சிலவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று கலவை மாறும். எங்கள் கடையில் நாங்கள் தினமும் கலக்கும் பொருளின் போக்கு எங்களுக்குத் தெரியும். எத்தனை நிமிடத்தில் பிடிக்கும், நரையில் எப்படி நிற்கும், எப்போது அலச வேண்டும் எல்லாம் கைப்பழக்கம். புதிதாக வருகிற பெட்டியில் அந்தப் பழக்கம் எதுவும் உதவாது. முடியை வெளுத்துக் கலர் மாற்றுகிற வேலைக்கு வெளிப்பொருளை நான் வாங்கவே மாட்டேன்.

மருதாணிப் பவுடர் பாதுகாப்பானது என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். நிஜ மருதாணி செம்பட்டை நிறம் மட்டும்தான் கொடுக்கும். அதன்மேல் அவுரி போட்டால் கருமை வரும், அதற்கும் நேரம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆக்குகிற எந்தக் 'கருப்பு மருதாணி'யிலும் டை கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்திருந்தாள். சந்தையில் எடை போட்டு வாங்கிய பவுடரைப் பல மாதம் போட்டிருந்தாள். இப்போது கலர் வேண்டும் என்றாள். சீப்பில் வந்த நாலைந்து முடியை முடிச்சுப் போட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து அதில் போட்டோம். முடியில் உலோக உப்பு இருந்தால் அந்தக் கலவையில் தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முடியைச் சுற்றிப் பொங்கிப் பொங்கிக் குமிழ் வந்தது. கிண்ணத்தின் அடியில் கையை வைத்தால் சூடு. எடுத்து இழுத்தபோது முடி ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தது. அம்மாவும் மகளும் பேசவே இல்லை. அன்றைக்குக் கலர் போடாமல் அனுப்பினேன். கல்யாணத்துக்கு அவள் தன் சொந்த முடியோடு பூ வைத்துக்கொண்டு அழகாகத்தான் இருந்தாள். தலை முழுக்க அந்தக் கலவையைத் தடவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். இடுப்புவரை 60 சென்டிமீட்டர் முடி இருக்கிற பெண்ணின் நுனிமுடிக்கு ஐந்து வயது. மூன்று வருடத்துக்கு முன் போட்ட மருதாணியும் ஸ்ட்ரெய்ட்னிங்கும் இன்னும் அந்த முடியில்தான் இருக்கிறது. அவள் மறந்திருப்பாள், முடி மறக்காது.

ஸ்ட்ரெய்ட்னிங் கிரீமை எந்த நிலையிலும் நீங்கள் வாங்கிக்கொடுக்க வேண்டாம். எல்லாக் கிரீமும் 'ஸ்ட்ரெய்ட்னிங்' என்ற ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே வேலை செய்கிற சரக்கு வேறு வேறு. தயோகிளைகோலேட் வகை ஒன்று, சோடியம் ஹைட்ராக்சைடு வகை ஒன்று. ஒன்றைப் போட்ட முடியில் மற்றொன்றைப் போட்டால் முடி கொத்தாக உடையும். கெரட்டின் என்று விற்பவற்றில் சில, சூடான அயர்ன் படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், போட்டுக்கொள்பவரைவிட நாள் முழுக்க அதையே சுவாசிக்கிற எங்கள் பெண்களுக்கு இன்னும் கெடுதல். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று போட்டு வருகிற சில கிரீம்களில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஸ்ட்ரெய்ட்னிங்கை மூன்று முறை செய்துகொண்டு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி 2024-ல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். தங்கைக்கு இதைச் செய்தே ஆக வேண்டும் என்றால், எந்தக் கிரீம், எந்த வகை, என்ன பொருட்கள் என்று பார்லரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் தினமும் கையாளுகிற பொருளிலேயே செய்யுங்கள். பிரச்சினை வந்தால் அவர்களே முழுப்பொறுப்பு. உங்கள் கிரீம் என்றால் பழியைப் பார்லர் கிரீம் மேல் போடும், நீங்கள் பார்லர் மேல் போடுவீர்கள், நடுவில் பெண்ணின் முடி போயிருக்கும்.

ஆனால் அவளுக்கு ஸ்ட்ரெய்ட்னிங் தேவையா என்றே நான் கேட்பேன். முகூர்த்தத்துக்குச் சவுரி வைத்துப் பின்னி, பூஜடை தைக்கப் போகிறோம். முடி நேராக இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு, ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடி வழவழவென்று இருக்கும், பின் நிற்காது, சவுரி நழுவும்; பூவின் கனத்துக்கு ஜடை இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ரிசப்ஷனுக்கு முடியை விரித்துப் போட ஆசைப்படுகிறாள் என்றால், அன்று சாயங்காலம் அயர்னிங் செய்துவிட்டால் போதும். அடுத்த முறை தலைக்கு ஊற்றும்போது பழையபடி ஆகிவிடும், கிரீமும் இல்லை, முடிக்குப் பெரிய சேதமும் இல்லை. நீங்கள் நினைத்த பாதிச் செலவைவிட இது இன்னும் குறைவு.

அப்படியும் ஸ்ட்ரெய்ட்னிங் வேண்டும் என்று அவள் நின்றால், ஆடித் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், பார்லரும் காலியாக இருக்கும், நிதானமாகச் செய்வார்கள்; கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரமாவது இடைவெளி இருக்கும். உங்கள் டை கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன். கடைசி இரண்டு நாளில் இரண்டு பேருமே புதிதாக எதையும் தலையில் வைக்காதீர்கள். மணப்பெண் முதல் நாளே தலைக்கு ஊற்றிக் காயவைத்துக்கொள்ளட்டும், எண்ணெய் வேண்டாம். சவுரி, ஜடை நாகம், ஹேர்பின் எல்லாம் சொந்தமாகவே கொண்டுவாருங்கள்; யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பார்லரில் பேசப் போகும்போது, தங்கை இந்த ஐந்து வருடத்தில் தலைக்கு என்னென்ன போட்டாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருதாணி போட்டிருந்தால் அந்தப் பவுடரின் அட்டையையும் கொண்டுபோங்கள், அட்டை இல்லாவிட்டால் மீதிப் பவுடரில் ஒரு ஸ்பூன். கூடவே சீப்பில் வருகிற முடியைக் கொஞ்சம் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், சோதித்துப் பார்க்க அது போதும்.